காணாமல் போன தாய்மாமன்

தாய்மாமன் மூன்றாவது முறையாகக் காணாமல் போயிருந்தார்.

இத்தனைக்கும் அவர் வெயிலம்மாளின் அலுவலகத்தில், இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளு முழுசாத்தானேக்கா இருக்காரு," என்று அவள் காதில் கிசுகிசுத்தான் அஃப்ஜல். "எந்தப் பக்கம் காணோம்னு கேளுங்க."

வெயிலம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் தாங்காது என்பது இருவருக்குமே தெரியும்.

வெயிலம்மாள் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்தவள். எரிந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள், ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸுக்குள், நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்க வைத்ததா என்று சொல்லிவிடுவாள். கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு அவள் சொன்ன பதில் பிடிக்கவில்லை. அந்த வேலை போனதும் பாத்திரக்கடை மாடியில் 'வெயில் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினாள். உதவியாளன் அஃப்ஜல் செல்போன் ரிப்பேர் கடை வைத்து நொடித்தவன். கடைக்கு வந்தவர்களை அவனுடைய வாய்தான் விரட்டியது.

காபி குடித்தவர் கயத்தாறு சங்கரபாண்டி. நெடுஞ்சாலையில் ஐந்து லாரிகள் ஓடுகின்றன. ஐந்தின் நெற்றியிலும் அவர் பெயர்தான்.

"பத்திரிகையிலம்மா," என்றார் அவர். "எங்க அக்கா மக ஜெயப்பிரியா கல்யாணப் பத்திரிகையில. 'தாய்மாமன் கயத்தாறு திரு. சங்கரபாண்டி அவர்கள் அன்புடன் அழைக்கிறார்'னு நானே போன்ல டைப் அடிக்கேன். சாயங்காலம் இருக்கு. மறுநாளு பாத்தா இல்ல. திரும்ப அடிக்கேன். திரும்பவும் இல்ல. மூணு தடவை என்னை அழிச்சிருக்கான்!"

"பத்திரிகை எங்க இருக்கு, அண்ணாச்சி?"

"மாப்பிள்ளை வீட்டுல. மாப்பிள்ளை ராஜபாண்டி கம்ப்யூட்டர் இஞ்சினியரு. ரெண்டு வீட்டு ஆளுகளும் அவவிய போன்லயே திறந்து திருத்துற மாதிரி பண்ணிருக்காரு. நம்ம வீட்டு விசேஷத்தை வெளிநாட்டுக் கம்பெனி மிஷின்ல எதுக்கு எழுதணும், நானே சொந்தமா வச்சுக்கிடுதேன்னு மூணு கம்ப்யூட்டரு வாங்கிப் போட்டிருக்காரு. எதுல வச்சிருக்கீங்கன்னு கேட்டா கண்டெய்னர்லங்காரு. எந்த லாரி, தூத்துக்குடி துறைமுகத்துக்கு எப்பப் போவுதுன்னு கேட்டேன். சிரிச்சாரு. அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுட்டு."

"யாரு மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன சந்தேகம்? மாப்பிள்ளையோட அப்பாதான். வன்னியபெருமாள். தாய்மாமன் பேரைத் தனியா கட்டம் கட்டிப் போடணும்னு நான் சொன்னப்பவே மூஞ்சி சுருங்கிப் போச்சு. இன்னைக்கு ஆறு மணிக்குப் பத்திரிகை அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள அழிச்சது யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா மாலை எடுத்துக் குடுக்க நான் வர மாட்டேன். தாய்மாமன் இல்லாம எப்படி நடத்துதாவன்னு பாப்போம்."

அவர் படியிறங்கிய சற்று நேரத்தில் வெயிலம்மாளின் போன் அடித்தது. கல்யாணப் பெண் ஜெயப்பிரியா. ஓட்டப்பிடாரம் பக்கம் கால்நடை மருத்துவர். பின்னணியில் ஒரு எருமை கத்தியது.

"மேடம், மாமா அங்கன வந்தாரா? அவரு சொன்னா செஞ்சிருவாரு. அப்பா போனதுல இருந்து எங்க வீட்டுல எல்லாமே அவருதான். மாமா வரலைன்னா அம்மாவே இந்தக் கல்யாணம் வேண்டாம்னுருவாவ. எனக்கு ராஜபாண்டியத் தவிர வேற ஆளு வேண்டாம் மேடம்." குரல் உடையப் பார்த்தது. அவள் விடவில்லை. "யாருன்னு தெரிஞ்சா எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. மாட்டுக்குப் போடுற ஊசி எங்கிட்டதான் இருக்கு."

வன்னியபெருமாளின் தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு வெளியே இருந்தது. கீழே முதலாளி ஓடாத ஃபேனுக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மாடியில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஏ.சி.யில் குளிர்ந்துகொண்டிருந்தன.

"எனக்கு மூச்சு வாங்குதுன்னு ரெண்டு வருஷமா ஏ.சி. கேக்கேன்," என்றபடி அவரும் கூடவே மாடியேறினார். "மிஷினுக்கு மூச்சு வாங்குதுன்னதும் மறுநாளே வாங்கிட்டான். வந்ததுக்கு நானும் கொஞ்ச நேரம் இங்கன நிக்கேன்."

ராஜபாண்டி தாடியும் அரைக்கால் சட்டையுமாக எழுந்து வணங்கினான். சுவரில் பெரிய திரை. அதில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள்.

"இதுதான் கிளஸ்டர் மேடம். மூணு மிஷின் சேந்து ஒரே மிஷின் மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு சர்வீஸையும் தனித்தனி கண்டெய்னர்ல வச்சிருக்கேன். ஒரு கண்டெய்னர் செத்துட்டா கிளஸ்டரே அதே மாதிரி இன்னொண்ணை எழுப்பிரும்..."

"பெட்டி நமுத்துப் போனா தூக்கி எறிஞ்சுட்டு பண்டல்ல இருந்து வேற பெட்டி எடுக்கோம்லா, அதாம்மா," என்றார் வன்னியபெருமாள். "இதைச் சொல்ல இவன் எனக்கு ஒரு நாள் பூரா படம் வரைஞ்சான்."

"அண்ணாச்சி, சங்கரபாண்டி பேரை அழிச்சது நீங்கதான்னு சொல்லுதாரு," என்றாள் வெயிலம்மாள் நேராக.

அவர் கோபப்படவில்லை. பையில்லாத பனியனைத் தடவி, பிறகு மடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பொத்தான் வைத்த பழைய போன். "இதுல எப்படிம்மா அழிக்க? எனக்கு அவரு பேரு வந்தா என்ன, வராட்டி என்ன? அவரு போட்டோவும் போடணும்னாரு. அதுக்குத்தான் மூஞ்சி சுருங்குச்சு."

வெயிலம்மாள் திரைப் பக்கம் திரும்பினாள். "பேரு காணாமப் போனப்போ யாரு உள்ள இருந்தா?"

"மூணு தடவையும் கடைசியா சேமிச்சது 'விருந்தினர்' மேடம். அதாவது பேரு குடுக்காம லிங்க்கை வச்சு வாரவங்க."

"லிங்க் யாருகிட்ட இருக்கு?"

ராஜபாண்டி கழுத்தைச் சொறிந்தான். வெளிநாட்டுக்காரன் எட்டிப் பார்க்கக் கூடாதென்று நாலு அடுக்குப் பூட்டுப் போட்டிருந்தான். "ரெண்டு குடும்பத்து வாட்ஸப் குரூப்புலயும் போட்டிருக்கேன்."

"சந்தேகப்படுற ஆளுக எல்லாரையும் கூப்பிட்டா மண்டபம் பத்தாதுக்கா," என்றான் அஃப்ஜல். "சாப்பாடு வேற போடணும்."

"எந்தப் போன்ல இருந்து வந்தாங்கன்னு பதிவு இருக்குமே?"

"எல்லாத்தையும் பதிவு பண்ணி வச்சேன் மேடம். டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அதனால எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

வெயிலம்மாள் பச்சைப் புள்ளிகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். தீப்பிடித்த கட்டடத்தில் எரியாத சுவரைத் தேடும் பார்வை அது. ஒரே பெயரில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

"இது ரெண்டும் என்ன தம்பி?"

"பத்திரிகையைத் திறந்து எழுத வைக்கிற சர்வீஸ். ரெண்டு ஓட்டுதேன். ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்கும்."

"கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்குங்க சாவைப் பத்தியே யோசிக்கீங்க?" என்றான் அஃப்ஜல்.

"நான் திறந்தா எதுக்குள்ள போவேன்?" என்றாள் வெயிலம்மாள்.

"வரிசையா அனுப்பும் மேடம். முதல்ல வாரவங்க ஒண்ணுக்கு, அடுத்தவங்க இன்னொண்ணுக்கு."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிடுமா?"

"கண்டிப்பா. அதுக்கு நடுவுல ஒரு..." ராஜபாண்டி நிறுத்தினான். வாய் திறந்தபடியே இருந்தது. "அதை அடுத்த வாரம் போடலாம்னு வச்சிருந்தேன்."

வெயிலம்மாள் தன் போனில் பத்திரிகையைத் திறந்தாள். அஃப்ஜலைத் தன் போனில் திறக்கச் சொன்னாள். அவள் அடியில் 'நல்ல மழை' என்று எழுதினாள். அவன் 'அஃப்ஜலுக்குச் சம்பளம்' என்று எழுதினான். இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவள் போனில் மழை மட்டும் இருந்தது. அவன் போனில் சம்பளம் மட்டும் இருந்தது.

"இப்ப நான் மூடுதேன். நீ பெறவு மூடு."

மூடினார்கள். மறுபடி திறந்தபோது சம்பளம் இருந்தது. மழை இல்லை.

"மழை இல்லாதது கோவில்பட்டி நிலவரம்தான். சம்பளம் இருக்கிறதுதான் தலைகீழா இருக்கு," என்றபடி அஃப்ஜல் தன் சம்பளத்தைத் தானே அழித்தான்.

ராஜபாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரே பத்திரிகைக்கு இரண்டு அறைகள். ஓர் அறையில் எழுதுவது மற்ற அறைக்குத் தெரியாது. கடைசியாக வெளியேறுகிறவர் கையில் உள்ளதே பத்திரிகை. சங்கரபாண்டி ஓர் அறையில் தன் பெயரை எழுதி மூடிவிட்டுப் போனார். அதற்கு முன்பே இன்னோர் அறையைத் திறந்துவைத்திருந்த யாரோ அவருக்குப் பின்னால் மூடினார்கள். அவர்களுடைய பிரதியில் சங்கரபாண்டி இல்லவே இல்லை.

"அப்போ யாருமே அழிக்கல!" வன்னியபெருமாள் பெருமூச்சு விட்டார். "எம் பையன்தான் தப்பு பண்ணிருக்கான். சந்தோசம்."

"இன்னும் முடியல அண்ணாச்சி. தம்பி, சும்மா திறந்து பாத்துட்டு மூடினாலும் சேமிச்சிருமா?"

"இல்ல மேடம். ஏதாவது எழுதியிருந்தாத்தான் சேமிக்கும்."

"விருந்தினர் என்ன எழுதினாரு?"

"ஒண்ணுமே எழுதல. மூணு பிரதியையும் முந்தினதோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன். மாமா வரி இல்லைங்கிறதைத் தவிர ஒரு எழுத்துகூட வித்தியாசமில்ல."

"ஒண்ணும் எழுதாதவரு எப்படி மூணு தடவை சேமிச்சாரு?"

அஃப்ஜல் திரைக்கு அருகே போய், முதல் பிரதியையும் அந்த மூன்று பிரதிகளையும் பெரிதாக்கி மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தான். விரிசல் விழுந்த போன் திரைகளைப் பார்த்துப் பழகிய கண்.

"அக்கா, இங்கன பாருங்க. 'அமரர் சுந்தரபாண்டியன் அவர்களின் ஏகபுத்திரி'. பொண்ணோட அப்பா பேரு. ஆரம்பத்துல அந்தப் பேரும் 'அவர்களின்'ங்கிறதும் ஒட்டி இருக்கு. அடுத்ததுல கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. அதுக்கடுத்ததுல இன்னும் கொஞ்சம். கடைசியில நடுவுல ஆட்டோ நிறுத்தலாம்."

"இடைவெளியை ஒப்பிடும்போது கணக்குல எடுக்க வேண்டாம்னு நான்தான் சொல்லி வச்சேன்," என்றான் ராஜபாண்டி ஈனமாக.

வெயிலம்மாள் அந்த இடைவெளியையே பார்த்தாள். "யாரோ இந்த இடத்துல ஏதோ எழுதிருக்காவ. எழுதிட்டு அவியளே அழிச்சிருக்காவ. முன்னாடி தட்டின இடைவெளி மட்டும் நின்னுபோச்சு. ஒவ்வொரு தடவையும் அதே இடம்."

பிறகு மாமாவின் வரி இருந்த பிரதியைத் திறந்து முழுவதையும் ஒரு முறை படித்தாள். மாப்பிள்ளை பக்கம் அப்பா, அம்மா, பெரியப்பா, ஒன்றியப் பொறுப்பு வகிக்கும் சித்தப்பா, அவருடைய பட்டங்கள். பெண் பக்கம் மறைந்த அப்பா. அதற்குக் கீழே மாமா, மாமாவின் லாரி சர்வீஸ், மாமாவின் இரண்டு போன் எண்கள்.

"அண்ணாச்சி, பொண்ணோட அம்மா பேரு என்ன?"

"சங்கரபாண்டியோட அக்காம்மா. நாகலாபுரத்துல இருக்காவ."

"அது உறவு. பேரு?"

வன்னியபெருமாள் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான். "நான் அத்தைன்னுதான் கூப்பிடுதேன்," என்றான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் உதவிக்குப் பத்திரிகையைப் பார்த்தார்கள். அதில் இல்லை.

வெயிலம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அஃப்ஜல், வண்டியை எடு."

எட்டயபுரம் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டைகள் வெயிலில் வெளுத்திருந்தன. அஃப்ஜல் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். நாகலாபுரத்தில் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் அவனால் பேச முடியவில்லை. முற்றம் முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்தது. ஏழு தும்மல் தும்மிவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான்.

ஜெயப்பிரியாவின் அம்மா முத்துமாரியம்மாள் மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். வந்தவளை விளாத்திகுளம் சந்தை வியாபாரியோ என்று முதலில் நினைத்து, "விலை படிஞ்சாத்தான் தருவேன்," என்றாள். கல்யாணப் பத்திரிகை விஷயம் என்றதும் முகம் மாறியது.

"எந் தம்பி பேரை அழிச்சவன் கிடைச்சானா?"

"இன்னும் இல்லம்மா. நீங்க அந்தப் பத்திரிகையைப் பாத்தீங்களா?"

"பாக்கத்தான் செய்யுதேன். பிரியா தன் பழைய போனைக் குடுத்து, தொட்டா திறக்கிற மாதிரி வச்சுட்டுப் போனா."

"பாக்க மட்டும்தான் செய்யுதீங்களா?"

முத்துமாரியம்மாள் உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். ஒரு மிளகாயை எடுத்து, காம்பு கிள்ளியதையே மறுபடி கிள்ளப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேருக்குப் பக்கத்துல ஒரு இடைவெளி விழுந்திருக்கும்மா," என்றாள் வெயிலம்மாள் தாழ்ந்த குரலில். "நாளுக்கு நாளு பெருசாவுது."

"அய்யோ," என்றாள் அவள். "அது தெரியுமா?"

பிறகு அவளாகவே பேசினாள்.

"பத்திரிகையை எந் தம்பிதான் எழுதினான். எம் பேரு இல்ல. நான் கேக்கவும் இல்ல. புருஷன் இல்லாதவ பேரை மங்கள காரியத்துல போட மாட்டாவ, அது ஊரு வழக்கம். அவனையும் குத்தம் சொல்லக் கூடாது. அவன் இல்லன்னா நாங்க இல்ல." மிளகாயைக் கீழே போட்டாள். "ஆனா போனைத் திறந்ததும் அவுக பேரு தனியா நின்னுச்சு. பக்கத்துல எம் பேரு இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கத் தோணுச்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல அச்சுல வந்தது எங்க கல்யாணப் பத்திரிகையிலதான். அதுக்குப் பெறவு ரேசன் கார்டு. அதுல இருந்தும் அவுகளை எடுத்துட்டாவ. அதான், காலைல இருந்து போனைத் திறந்தபடியே வச்சிருப்பேன். வேலையெல்லாம் முடிச்சுட்டு எழுதுவேன். கொஞ்ச நேரம் பாப்பேன். அழிச்சிருவேன்."

"மூணு நாளா?"

"தினமும். தம்பி பேரு காணாமப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு எனக்கு ஒரு நாளும் தோணலியே. நான் யாரு பேரையும் அழிக்கல தாயி. எம் பேரைத்தான் அழிச்சேன்."

வேப்பமரத்தடியில் தும்மல் நின்றிருந்தது. அஃப்ஜல் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது தம்பிக்குத் தெரிய வேண்டாம்," என்றாள் முத்துமாரியம்மாள். "பிரியாவுக்கும் வேண்டாம். அம்மாவுக்கு ஆசை வந்துட்டுன்னு நினைச்சுக்கிடுவா."

"உங்க பேரு என் வாயில வராது," என்றாள் வெயிலம்மாள். எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "ஆறு மணிக்கு அச்சுக்கு அனுப்புதாவ. அதுக்குப் பெறவு போன்ல திறக்காது. பாக்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கிடுங்க."

வண்டியில் ஏறியதும் அஃப்ஜல் கேட்டான். "நாடகம் போடுதீங்களாக்கா?"

"மேடை மட்டும் போடுதேன். பேசாம ஓட்டுலே."

ஆறு மணி நெருங்கும்போது மாடி அறையில் ஏ.சி. திணறியது. சங்கரபாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு வந்தவர் போல. வன்னியபெருமாள் இந்த முறை சட்டை போட்டிருந்தார். ஜெயப்பிரியா வேலை முடித்து ஸ்கூட்டரிலேயே வந்திருந்தாள். மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றாள்.

"யாருன்னு சொல்லும்மா," என்றார் சங்கரபாண்டி.

"உங்க பேரை யாரும் அழிக்கல அண்ணாச்சி." வெயிலம்மாள் இரண்டு புள்ளிகளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். "இன்னொருத்தர் தன் பேரை எழுதி, தானே அழிச்சிருக்காவ. அதைச் சேமிக்கும்போது உங்க பேரும் சேந்து போயிருக்கு. அவியளுக்கு அது தெரியவே தெரியாது."

"யாரு அவிய?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"காசு குடுக்கிறது நானு!"

"திருப்பித் தந்திருதேன்."

அஃப்ஜல் இருமினான். அது அவனுடைய சம்பளமும்தான்.

சங்கரபாண்டி எழுந்தார். "அப்போ இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கட்டின கதை. மிஷினு அழிச்சுட்டாம்! வா பிரியா, போவோம்."

"மாமா, ஒரு நிமிசம்," என்றாள் ஜெயப்பிரியா. "சரி பண்ணிட்டாவளா இல்லையான்னாவது பாத்துட்டுப் போவோம்."

ராஜபாண்டி விசைப்பலகையைத் தட்டினான். இரண்டு பச்சைப் புள்ளிகளில் ஒன்று மறைந்தது. அவன் முகத்தில் சொந்தக்காரர் இறந்த துக்கம். "இனி எல்லாரும் ஒரே இடத்துக்குள்ளதான் வருவாங்க. யாரு எழுதினாலும் எல்லாருக்கும் தெரியும்." பத்திரிகையைச் சுவர்த் திரையில் பெரிதாகப் போட்டான்.

சங்கரபாண்டி நின்றபடியே போனை எடுத்துத் தன் வரியை நான்காவது முறையாக அடித்தார். ஒவ்வோர் எழுத்தும் திரையில் விழுந்தது. தன் பெயரைத் தானே உரக்கப் படித்துப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

அப்போது மேலே, பெண்ணின் அப்பா பெயருக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கோடு வந்து நின்று சிமிட்டியது. அதன் தலையில் சின்னதாக ஒரு கொடி. விருந்தினர்.

"அந்தா!" என்று கத்தினார் சங்கரபாண்டி. "அவன்தான்! எல்லாரும் பாத்துக்கிடுங்க!"

கோடு அவர் பெயரின் பக்கம் வரவேயில்லை. இருந்த இடத்திலேயே ஒரு எழுத்து முளைத்தது. மு. நெடுநேரம் கழித்து அடுத்தது. பழக்கமில்லாத விரல். தப்பாக ஒன்று விழுந்து, அழிந்து, சரியானது விழுந்தது. முத்துமாரி என்று வரும்போதே ஜெயப்பிரியாவின் கை வாய்க்குப் போய்விட்டது.

அமரர் சுந்தரபாண்டியன் முத்துமாரியம்மாள் அவர்களின் ஏகபுத்திரி.

வரி அப்படியே நின்றது. கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. நாகலாபுரத்தில் யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வன்னியபெருமாள் உதடு அசையாமல் அந்தப் பெயரைப் படித்து மனதில் போட்டுக்கொண்டார்.

பிறகு கடைசி எழுத்து போயிற்று. அதற்கு முந்தையது போயிற்று. பெயர் வலது பக்கத்திலிருந்து கரையத் தொடங்கியது.

ஜெயப்பிரியா ராஜபாண்டியைத் தள்ளிவிட்டு விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். போன எழுத்துகளைத் திரும்ப அடித்தாள். சிவப்புக் கோடு திகைத்து நின்றது. மறுபடி அழித்தது. அவள் மறுபடி அடித்தாள். கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. துடைக்க ஒரு கை வேண்டும், இரண்டு கையும் வேலையாக இருந்தன.

சங்கரபாண்டி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "நான்தான் எழுதினேன்," என்றார் யாரிடம் என்றில்லாமல். "அக்கா பேரு இல்லைன்னு எனக்கு..."

ஜெயப்பிரியாவின் போன் அடித்தது. ராஜபாண்டி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏட்டி பிரியா," என்றது முத்துமாரியம்மாளின் பதறிய குரல். "பத்திரிகையில யாரோ எம் பேரை எழுதுதாவ. நான் அழிக்க அழிக்கத் திரும்ப வருது. அச்சுக்குப் போயிருமேட்டி! மிஷினு கெட்டுப் போச்சா?"

ஜெயப்பிரியா விசைப்பலகையை விடவில்லை. சங்கரபாண்டி எட்டிப் போனை வாங்கினார். அறையில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். லாரி முதலாளியின் முறுக்கு அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அக்கா, சங்கரன் பேசுதேன். கையை எடு. அழிக்காத."

"ஏலே, ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு கிடக்கட்டும்க்கா. நீ உம் பேரை அழிக்கும்போதெல்லாம் எம் பேருல்லா போவுது."